காணாமல் போன சுருள்

சென்ற மாதம் சுங்கை பட்டாணியில் எங்கள் தாமான் வீட்டில் நண்பர்கள் ஆறேழு பேர் கூடிப் படம் பார்த்தோம். மாதம் ஒருமுறை நடப்பதுதான். அன்றைக்கு மட்டமான பேய்ப்படங்களாகப் பார்ப்பது என்று முடிவு. முதலில் ராபர்ட் ரோட்ரிகெஸ் இயக்கிய ‘பிளானட் டெரர்’. அடுத்து வேலு பிரபாகரனின் ‘நாளைய மனிதன்’. முதலாவது 2007இல் வந்தது. மட்டமாகத் தெரிய வேண்டும் என்றே எடுக்கப்பட்டது. இரண்டாவது 1989இல் வந்தது. பயமுறுத்த வேண்டும் என்று உண்மையாகவே எடுக்கப்பட்டது. நாங்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரி சிரித்தோம்.

இரண்டாவது படம் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “இந்தப் படமா? இதப் பாத்துட்டு ரெண்டு ராத்திரி கக்கூசுக்குத் தனியா போகல நானு” என்றார். தோட்டத்தில் கழிவறை லயத்துக்கு வெளியே, இருட்டில் நடந்து போகிற தூரத்தில் இருந்தது. பிறகு கேட்டார்: “நீங்க ஏன்டா சிரிக்கிறீங்க?”

அவர் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு எனக்கு நானே பதில் சொல்லிப் பார்க்கிற முயற்சிதான் இந்தக் கட்டுரை.

இந்த வகைப் படங்களை ‘எக்ஸ்ப்ளாய்டேஷன்’ படங்கள் என்கிறார்கள். நேராகத் தமிழில் சொன்னால் சுரண்டல். பெரிய நட்சத்திரம் இல்லை, பணம் இல்லை. ரத்தம், காமம், பயம் இவற்றில் ஒன்றைத் தூண்டிலில் மாட்டி ஆளை உள்ளே இழுப்பது. அமெரிக்க நகரங்களில் இவற்றை ஓட்டிய பழைய கொட்டகைகளுக்கு ‘கிரைண்ட்ஹவுஸ்’ என்று பெயர். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்த பிரதிகள். அந்த அனுபவத்தை மறுபடி உண்டாக்கத்தான் ரோட்ரிகெஸும் குவெண்டின் டரான்டினோவும் ஆளுக்கொரு படம் எடுத்து ‘கிரைண்ட்ஹவுஸ்’ என்ற பெயரிலேயே ஒரே காட்சியாக வெளியிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேல். செலவு 5 கோடி டாலரைத் தாண்டியது. வசூல் ஏறக்குறைய அதில் பாதிதான். ரோட்ரிகெஸ் தன் படத்தை டிஜிட்டல் கேமராவில் சுத்தமாக எடுத்துவிட்டு, கீறல்களையும் தூசியையும் பிறகு கணினியில் சேர்த்தார். அதாவது ஏழைப் படத்தின் கிழிசலைக் காசு கொடுத்துத் தைத்துக்கொண்டார்கள்.

இதில் எரிச்சல்பட நிறைய இருக்கிறது. ஆனாலும் ‘பிளானட் டெரர்’ நடுவில் ஓர் இடம் வருகிறது. நாயகனும் நாயகியும் நெருங்கும் காட்சியில் படச்சுருள் எரிந்து உருகுகிறது. ஒரு சுருளைக் காணவில்லை என்று திரையில் அறிவிப்பு. படம் திரும்பும்போது கடை தீப்பற்றி எரிகிறது, போலீஸ்காரர் அடிபட்டுக் கிடக்கிறார். அதுவரை நாயகனைச் சந்தேகித்தவர் இப்போது அவனை நம்புகிறார். அவன் யார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நமக்கு மட்டும் கடைசி வரை தெரியாது. நடுவில் நடந்ததை எல்லாம் நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நண்பர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு அது நகைச்சுவையாக மட்டும் தெரியவில்லை. நாங்கள் படம் பார்த்ததே அப்படித்தான்.

பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அம்மா வளர்ந்தார். திருவிழாவுக்குத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள், அவர்களுக்கு எம்.ஜி.ஆர். இடதுகையால் வாள் வீசுவார். மழை வந்து நேரமாகிவிட்டால் படம் ஓட்டுகிறவர் ஒரு சுருளை விட்டுவிட்டு அடுத்ததைப் போட்டுவிடுவார். விடிந்தால் பெரட்டு, பால்வெட்டு. யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஏற்கெனவே டவுனில் அந்தப் படத்தைப் பார்த்தவர் யாராவது எழுந்து விட்டுப்போன கதையைச் சொல்வார். பார்க்காதவரும் சொல்வார். மறுநாள் மரத்தடியில் மூன்று விதமான கதைகள் இருக்கும்.

குறையுள்ள படத்தின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முழுமையான படம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. தையல் விட்ட படம் நம்மை உள்ளே கூப்பிடுகிறது. ரப்பர் முகமூடியைப் பேயாக்குவதற்குப் பார்க்கிறவனும் கொஞ்சம் வேலை செய்தாக வேண்டும்.

சூசன் சொண்டாக் ‘கேம்ப்’ ரசனை பற்றி 1964இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இரண்டையும் பிரிக்கிறார். தன்னை அறியாமல் அப்படி அமைந்துவிட்டதே உயர்ந்தது. தெரிந்தே செய்வது பெரும்பாலும் அத்தனை நிறைவு தராது என்பது அவர் கருத்து. பெரும்பாலும் சரிதான். ஆனால் இந்த நாட்டிலேயே அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மாமாட் காலிட்.

2007இல், அதாவது ‘கிரைண்ட்ஹவுஸ்’ வந்த அதே ஆண்டில், அவருடைய ‘சோம்பி கம்போங் பீசாங்’ வந்தது. மலாய்க் கம்பத்தில் ஆட்கள் வரிசையாகச் சோம்பிகளாக மாறுகிறார்கள். ஒப்பனை பள்ளி நாடக அளவில்தான் இருக்கும். அவி நடித்த ஹூசின் என்ற பாத்திரம் பிறகு ‘ஹந்து காக் லிமா பாலிக் ரூமா’விலும் (2010) திரும்ப வருகிறான். இடையில் 2008இல் ‘காலா மாலாம் பூலான் மெங்கம்பாங்’. 1950களின் மலாய்ப் படங்களைப் போலவே கறுப்பு வெள்ளையில், அதே மிகை நடிப்போடும் திடுக்கிடும் இசையோடும் எடுத்த படம். எல்லாமே தெரிந்து செய்த கோணல்கள். ஆனாலும் அந்தப் படங்களில் ஏளனம் இல்லை. கம்பத்து மனிதர்களைப் பார்த்து அவர் சிரிப்பதில்லை, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார். பழைய படத்தின் குறையை மட்டும் அவர் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்தக் குறையோடு அதை நேசித்துப் பார்த்த கூட்டத்தையும் நினைவில் வைத்திருந்தார். அவர் 2021இல் காலமானார்.

எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான். இப்போது யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தி வீடியோ கேசட் கோடுகளை வரவழைக்கலாம். நம் இளைஞர்களின் குறும்படங்களிலும் அந்தக் கோடுகள் நிறைய வருகின்றன. கோடு இருக்கிறது, அந்தக் கோட்டைத் தாண்டிப் படம் பார்த்தவர்கள் இல்லை. கூட்டத்தை மறந்துவிட்டுக் கீறலை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஏழை வேஷம் போடுவதுதான்.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காணாமல் போன சுருள் என்பது நமக்கு நகைச்சுவை உத்தி இல்லை. மலாய்ப் பேய்ப்படங்களுக்கு வழிபோட்ட ‘பொந்தியானாக்’ 1957இல் வந்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ். மரியா மெனாடோ பேயாக நடித்தார். அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைப்பதில்லை. மூன்றாவது பாகமான ‘சும்பா பொந்தியானாக்’ (1958) மட்டும் பார்க்கக் கிடைக்கிறது. அதே காலத்தின் ‘ஓராங் மிஞ்ஞாக்’ படங்களில் ஒன்றை இயக்கியவர் மெட்ராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல்.கிருஷ்ணன். இந்த மண்ணின் பேய்களுக்குத் திரையில் முகம் கொடுத்ததில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தோட்டங்களின் கதையும் இதுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. அம்மா படம் பார்த்த திடல் இருந்த இடத்தில் இப்போது கடைவீடுகள். விட்டுப்போன கதையை எழுந்து சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

அன்றிரவுக்குத் திரும்புகிறேன். அம்மாவுக்கு நாற்காலி போட்டோம். ‘நாளைய மனிதன்’ அவருக்கு வீடியோ கேசட்டில் பார்த்த படம். லயத்தில் ஒரு வீட்டில்தான் டெக் இருந்தது. கூடம் கொள்ளாமல் வாசல் வரை ஆட்கள்.

செத்தவரை எழுப்பும் மருந்து பற்றிய கதை அது. பிணம் எழும் காட்சி நெருங்கியபோது அம்மா, “இந்த எடத்துல டேப்பு சிக்கிக்கும்” என்றார். “ஓட்டி விட்டுத்தான் போடுவாங்க. எந்திரிக்கிறத நாங்க பாக்கவே இல்ல. பக்கத்து வீட்டு அக்காதான் சொல்லுச்சு, எப்படி எந்திரிச்சான்னு.”

இத்தனை ஆண்டுகள் கழித்து அந்தக் காட்சியை முதல்முறையாகப் பார்த்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இவ்வளவுதானா?” என்று அம்மா சிரித்துவிட்டார். “அக்கா சொன்னது இத விடப் பயமா இருந்துச்சு.”

அந்த அக்கா எப்படிச் சொன்னார் என்று கேட்டோம். படத்தை நிறுத்திவிட்டு அம்மா சொல்ல ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அன்று படம் ஓடவில்லை.