இல்லாத ஆசாமியைப் பிடித்துப்போன கதை

டான் பைர்ன் 1961ல் எழுதிய ஆய்வுக்கட்டுரையைப் போன வாரம் மறுபடி படித்தேன். 'நம்மைப் போல நினைக்கிறவங்களைத்தான் நமக்குப் பிடிக்கும்' என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் இவர் வாசலில்தான் போய் நிற்பார்கள். எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு உறுத்தல்.

சோதனை சிம்பிள். மாணவர்களிடம் 26 விஷயங்களில் கருத்து கேட்டார்கள். கடவுள், கறுப்பர்-வெள்ளையர் சேர்ந்து படிப்பது போன்ற பெரிய விஷயங்களில் ஆரம்பித்து கௌபாய் படங்கள் வரைக்கும். பிறகு, 'இது இன்னொரு மாணவர் நிரப்பியது' என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். அப்படி ஒரு மாணவரே கிடையாது. சிலருக்கு அவர்கள் கருத்தோடு அச்சு அசலாகப் பொருந்தும்படியும், சிலருக்கு நேர் எதிராகவும் ஆய்வாளர்களே நிரப்பிய தாள் அது. ஒத்துப்போன ஆசாமிக்கு மார்க் அதிகம். 1965ல் நெல்சனோடு சேர்ந்து இதை ஒரு நேர்கோடாகவே வரைந்துவிட்டார்: ஒத்த கருத்துகளின் விகிதம் ஏற ஏற, பிடிப்பும் ஏறும்.

(பார்க்காமலே நட்பு என்றதும் பிசிராந்தையார் ஞாபகம் வருதில்லையா? அவராவது கடைசியில் சோழனைத் தேடி நேரில் வந்தார்.)

என் பிரச்சினை இதுதான். தாளில் கருத்தைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை. குரல் இல்லை, சிரிப்பு இல்லை, கடன் வாங்கித் திருப்பித் தராத சரித்திரம் இல்லை. அப்போ கருத்தை வைத்துத்தானே மார்க் போட முடியும்? 'பிடிப்பு' என்று அளந்ததும் இரண்டே கேள்வி: இவரைப் பிடிக்குமா, இவரோடு வேலை செய்யப் பிடிக்குமா. இதை வைத்து நட்பு, கல்யாணம் எல்லாவற்றையும் விளக்குவது, டெஸ்ட் சர்வரில் ஒரு தடவை ஓடியதை நேராக புரொடக்‌ஷனில் ஏற்றுகிற மாதிரி.

எனக்கு எதிர்சாட்சியும் உண்டு, மறைக்கக் கூடாது. அதே 1961ல் வந்த தியோடர் நியூகோம்பின் புத்தகம். மிச்சிகனில் முன்பின் தெரியாத 17 மாணவர்களை ஒரே வீட்டில் வாடகையில்லாமல் தங்கவைத்தார், அடுத்த வருஷம் வேறு 17 பேர். ஆரம்பத்தில் யார் யாருக்கு நெருக்கம் என்பதற்கும் அவர்கள் கருத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. வாரங்கள் போகப்போக, வருவதற்கு முன்பே ஒத்த கருத்து இருந்தவர்கள் நெருங்கினார்கள். நிஜ மனிதர்கள், நிஜ வீடு. எனக்கு பைர்னைவிட இது பல மடங்கு மேல்.

ஆனால் மொன்டோயா உள்ளிட்ட மூவர் 2008ல் 313 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வேறு படம் வந்தது. பழக்கமே இல்லாதபோதும் கொஞ்ச நேரம் பழகும்போதும் உண்மையான ஒற்றுமைக்கு வலு இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் உறவுகளில் அது கரைந்துவிடுகிறது. அங்கே நிற்பது, 'இவர் என்னைப் போல' என்று நாம் நினைத்துக்கொள்வது மட்டும்.

அப்போ பைர்னின் கோடு எங்கேதான் சரியாகப் பொருந்தும்? அரைமணி நேர இன்டர்வியூவில். சில வருஷம் முன்னால் ஒரு பேனலில் இருந்தேன். ஒருத்தர் நான் திட்டுகிற அதே டூல்களைத் திட்டினார், மேலே அனுப்பினேன். இன்னொருத்தர் நான் கட்டிய டிசைனையே தப்பு என்றார், 'டீமுக்கு செட் ஆகமாட்டார்' என்று எழுதினேன். அந்தக் குறிப்புகளை இப்போது எடுத்துப் பார்த்தேன். இரண்டு பேர் எழுதிய கோட் பற்றியும் ஒரு வரிகூட இல்லை.