கேட்டால்தான் பேசலாமாம்!

சட்டத்தை வணங்குவோர் பலர், படிப்போர் சிலர். வணங்குவது பக்தி. வரிவரியாகப் படித்து, 'இதனால் எளியவனுக்குக் கிடைத்தது என்ன?' என்று கேட்பது பகுத்தறிவு. இந்திய அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை, நான்காம் பத்தியை அந்தக் கண்கொண்டு இன்று படிப்போம்.

பழங்குடியினர் ஆலோசனைக் குழு என்ற ஒன்றை அது அமைக்கிறது. உறுப்பினர் 20 பேருக்கு மிகாமல். அவர்களுள் முக்கால் பங்கினர், கூடியவரை, சட்டமன்றத்தில் அமர்ந்துள்ள பழங்குடிப் பிரதிநிதிகள். அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட நிலம் ஓர் அடியும் இல்லாத தமிழ்நாட்டிலும் இக்குழு உண்டு. கேட்க இனிக்கிறது. ஆனால் குழுவின் பணி என்ன? பழங்குடியினர் நலன் குறித்து ஆளுநர் எதைக் கேட்டனுப்புகிறாரோ, அதற்கு ஆலோசனை கூறுவது. அவ்வளவே! தானாக ஒரு துறையைப் பார்த்து, 'பள்ளிக்கு ஆசிரியர் ஏன் வரவில்லை?' என்று கேட்கும் உரிமை அந்த வரியில் இல்லை. யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ, அவரே வினாத்தாளையும் எழுதித் தருவார்! தேர்வு எழுதும் மாணவன் இதைவிட வேறென்ன வரம் கேட்பான்?

எண்ணிக்கையையும் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடியினர் 7,94,697 பேர். 234 சட்டமன்ற இடங்களில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். முன்பு உப்பிலியபுரமும் இருந்தது; 2008 தொகுதி வரையறையில் மூன்று இரண்டாயிற்று. 20 பேர் குழுவில் 15 இடங்களுக்கு உரியவர்கள் இருவர். எஞ்சியவற்றைப் பழங்குடியினரான பிறரைக் கொண்டு நிரப்பலாம் என்று சட்டமே வழி சொல்கிறது. வாக்குப் பெற்று வந்தவர் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நியமனம் பெற்று வந்தவர்?

'மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்தாமே, இரண்டு இடம் போதாதா?' என்பார் சிலர். கணக்கோடு நமக்கு வழக்கில்லை. ஒதுக்கீடு தொகுதிக்கு நேர்ந்ததே தவிர, அதற்கு வெளியே வாழும் மக்களுக்கு அன்று என்பதே நம் வழக்கு.

பனமரத்துப்பட்டியை எண்ணிப் பாருங்கள். சேலம் நகரின் தாகம் தீர்க்க ஏரி தந்த ஊர். அதன் அருகே எழும் ஜருகுமலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். பெயரைக் கண்டு கேரளத்தை எண்ணிவிட வேண்டா. தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் அவர்கள். 2006 தேர்தல் வரை பனமரத்துப்பட்டி என்ற பெயரிலேயே ஒரு தொகுதி இருந்தது. அது பொதுத் தொகுதி. 2008இல் அந்தப் பெயரும் மறைந்தது. பொதுத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கும் மலைச் சிற்றூர்களின் வாக்கு, சமவெளி வாக்கு வெள்ளத்தில் ஒரு கைப்பிடி உப்பு. கரைந்துபோகும்.

நியூசிலாந்தில் மவோரி மக்களுக்கு 1867இல் நான்கு இடங்கள் ஒதுக்கினர். நூறாண்டுக்கு மேலாகியும் நான்கே, அதுவும் அநீதிதான். இன்று அவை ஏழு. ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது: மவோரித் தொகுதிகள் நாடு முழுவதையும் தழுவி நிற்கின்றன. எந்த மூலையில் வாழும் மவோரியும் அவற்றில் வாக்காளராகப் பதியலாம். மலை மாறினால் குரல் போய்விடுவதில்லை.

நாம் கேட்பது மூன்று. ஆலோசனைக் குழு தானே பொருளை எடுத்துப் பேசும் உரிமை வேண்டும். அதன் நடவடிக்கைக் குறிப்பு சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். குறித்த நாளுக்குள் துறை பதில் தர வேண்டும்.

அதுவரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பள்ளி, மருந்தகம், குடிநீர்க் குழாய், சாலை முதலிய 13 வகை வசதிகளுக்கு வனநிலம் தர வழி திறந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். ஆகவே 'காடு தடுக்கிறது' என்று அதிகாரி கைவிரித்தால், 'சபையின் தீர்மானம் எந்த மேசையில் உறங்குகிறது?' என்று ஊராட்சி உறுப்பினர் கேட்கலாம். சட்டமன்ற உறுப்பினர் கேட்டே ஆக வேண்டும்.

நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி இறங்கும் மலைவாசியிடம் 'தலைவிதி' என்று ஆறுதல் சொல்வோர் இன்னும் உண்டு. விதி அன்று தோழர்களே, கோப்பு! விதியை எழுதியவன் பெயர் எவருக்கும் தெரியாது. கோப்பில் கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது. கடவுளையே கேள்வி கேட்ட கூட்டம், ஒரு கோப்பைக் கேட்கத் தயங்கலாமா? அடுத்த கிராம சபை நாளில் மலையேறுவோம். அங்குள்ளோர் கேட்கும் கேள்விக்குத் துணை நிற்போம்.