இரவல் தராத புத்தகம்

நீங்கள் கடைசியாக இரவல் கொடுத்துத் திரும்பி வராத புத்தகம் எது? யோசித்து வையுங்கள். முடிவில் தேவைப்படும்.

புதுச்சேரியில் வில்லியனூர் பக்கம் ஒதியம்பட்டில் இருக்கும் என் அத்தை ரிடையர்டு டீச்சர். இரண்டு கண்ணிலும் காட்டராக்ட் ஆபரேஷன் ஆனபின் பொடி எழுத்துப் புத்தகங்களைத் தொடுவதையே விட்டிருந்தார். ஓர் ஈ-புக் ரீடர் வாங்கிக்கொண்டு போனேன். ஆறு அங்குலத் திரை. நூற்றைம்பது கிராம் சொச்சம் எடை. ''என்னடா இது, சிலேட்டாட்டம் இருக்கு?'' என்றார். எழுத்தை மொச்சைக்கொட்டை சைஸுக்குப் பெரிதாக்கிக் காட்டினேன். அதன்பின் அரை மணி நேரம் என்னிடம் பேசவில்லை.

இந்தத் திரைக்கு ஈ-இங்க் என்று பெயர். செல்போன் போலக் கண்ணுக்குள் வெளிச்சம் அடிக்காது. தலைமுடி பருமனுள்ள லட்சக்கணக்கான குமிழிகளுக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்சாரம் ஒரு தட்டுத் தட்டினால் கறுப்பு மேலே வரும். மாற்றித் தட்டினால் வெள்ளை. வந்த துகள் அங்கேயே நிற்கும். பக்கம் திருப்பும்போதுதான் கரண்ட் செலவு. அதனால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. உச்சிவெயிலில் திண்ணையில் உட்கார்ந்தால் எழுத்து இன்னும் பளிச்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்ததே, ஞாபகமிருக்கிறதா? அப்போது கரண்ட் போய், போன் செத்து, டி.வி. ஊமையாக, வீட்டில் உயிரோடு இருந்தது அத்தையின் ரீடர் மட்டும்தான். உள்விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு நாவலை முடித்துவிட்டதாகப் பிற்பாடு பெருமையாகச் சொன்னார்.

சில்லறைக் குறைகள் உண்டு. இன்னும் எத்தனை பக்கம் மிச்சம் என்று கட்டை விரலுக்குத் தெரியாது, சதவிகிதம்தான் காட்டும். கதாபாத்திரம் யாரென்று மறந்தால் பின்னால் சட்டென்று புரட்ட முடியாது. பழைய தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.களை ஏற்றினால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அவை படங்கள், எழுத்தை மட்டும் பெரிதாக்க வழியில்லை. பக்கத்தை இழுத்து இழுத்து, வரிக்கு வரி தேர் இழுக்க வேண்டும்.

இதையெல்லாம் அத்தை மன்னித்துவிட்டார். மன்னிக்காதது ஒன்று. புயலில் படித்த அந்த நாவலை எதிர்வீட்டு அம்மாளுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டுமாம். ''எப்படிடா குடுக்கிறது?''

''மெஷினையே குடுங்க.''

''அப்புறம் நான் எதைப் படிக்கிறது?''

பதில் சொல்ல முடியவில்லை. காசு கொடுத்து வாங்கிய புத்தகம்தான். ஆனால், கிண்டில் கடையின் விதிகளைப் பொறுமையாகப் படித்தால், புத்தகம் விற்கப்படுவதில்லை, படிக்க உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்று இருக்கும். இந்தப் புத்தி பிறவியிலேயே வந்தது. 2004-ல் சோனி ஜப்பானில் கொண்டுவந்த லிப்ரியே என்ற முதல் ஈ-இங்க் ரீடரில் புத்தகங்கள் அறுபது நாளில் காலாவதியாகிவிடும், இருமல் மருந்து மாதிரி.

2009 ஜூலையில் இன்னும் மோசம். உரிமையில்லாத ஒருவர் விற்ற பதிப்பு என்று, வாசகர்களின் கிண்டில்களிலிருந்து இரண்டு நாவல்களை அமேசான் தூரத்திலிருந்தே அழித்தது. பணம் திரும்ப வந்தது. அதன் தலைவர் மன்னிப்பும் கேட்டார். அழிந்தவை ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை'. கண்காணிப்பையும் அதிகாரத்தையும் பற்றிய நாவல்கள்!

1928-ல் பாரதி பாடல்களைச் சென்னை மாகாண அரசு பறிமுதல் செய்தபோது போலீஸ்காரர்கள் நேரில் போய்க் கட்டுக்கட்டாக அள்ளவேண்டியிருந்தது. அந்தத் தடை உத்தரவு ஒதியம்பட்டுக்குள் செல்லாது. வில்லியனூர் வட்டாரம் அப்போது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. காகிதப் புத்தகத்துக்கு எல்லை தாண்டித் தப்பிக்க ஒரு ஊராவது இருந்தது. ஈ-புத்தகத்துக்கு ஏது எல்லை? ஒரு பொத்தான் போதும். வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் வாங்க வேண்டாமா என்பீர்கள். வாங்குங்கள். கண் மங்கியவர்களுக்கு இதைவிட நல்ல புத்தகம் கிடையாது. யாருக்கும் கொடுக்கக்கூடிய புத்தகங்களால் அதை நிரப்புங்கள் என்பதே என் கட்சி. ஸ்விட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' தமிழின் பழைய நூல்களை இலவசமாகத் தருகிறது. 'ஃப்ரீ தமிழ் ஈ-புக்ஸ்' குழு, ஆசிரியர்களே பகிரச் சம்மதித்த புத்தகங்களை ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாக வடிவமைத்துக் கொடுத்தது. நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு கழிந்தால் நூல் பொதுச்சொத்து. 1954-ல் மறைந்த கல்கிக்கு அந்தக் கெடு 2014-ஓடு முடிந்தது. 1964-ல் மறைந்த புதுச்சேரிக்காரர் பாரதிதாசன், உயிரோடு இருந்தபோது வெளியிட்டவற்றுக்கு 2024-ஓடு.

அத்தையின் ரீடரில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் ஏற்றினேன். அதே கோப்பை எதிர்வீட்டு அம்மாளின் போனுக்கும் அனுப்பினேன். இருவரும் இப்போது போட்டி போட்டுக்கொண்டு படிக்கிறார்கள். அந்தப் புயல் நாவலை? காகிதத்தில் இன்னொரு பிரதி வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வாருங்கள். திரும்பி வராத அந்தப் புத்தகம் உங்களுடையதாக இருந்ததால்தான் தொலைக்க முடிந்தது.

அத்தை கொடுத்த பிரதியும் இதுவரை திரும்பி வரவில்லையாம். ''மூணாவது வீட்டுக்குப் போயிருக்குடா'' என்று சந்தோஷமாகச் சொன்னார்.