கொள்கைக்குக் கருத்துக் கேட்பு, விதிக்கு உத்தரவு

2025 ஜூன் 5 அன்று மத்திய நிதியமைச்சகத்தின் செலவினத் துறை ஓர் உத்தரவு போட்டது. ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருளை விலைப்புள்ளி கேட்காமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. கொள்முதல் குழு வழியாக வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமானது. 200 கோடி வரையிலான உலக டெண்டருக்கு இயக்குநரோ துணைவேந்தரோ ஒப்புதல் தரலாம். ஜெம் எனப்படும் அரசின் இணையக் கொள்முதல் தளத்துக்கு வெளியே சிறப்புக் கருவிகளை வாங்கவும் வழி திறந்தது.

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கு இது பெரிய ஆறுதல். அது மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் நிறுவனம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. இருக்கிறது; அது மாநில அரசின் அண்ணா பல்கலைக்கழக வளாகம். மாநிலப் பல்கலைக்கழகங்களின் கொள்முதலுக்கு 1998 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் தனியாக நிற்கிறது. கிழக்குத் தாம்பரத்தில் 1937 முதல் இயங்கிவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, வண்டலூர் பக்கத்துச் சுயநிதிப் பல்கலைக்கழகங்கள் என்று ஒவ்வொன்றின் நிலையும் வேறு. ஒரே மத்திய மானியத்துக்கு விண்ணப்பிக்கும் இவர்களுக்கு ஒரே விதி ஒரே மாதிரி வலிப்பதில்லை. விதி போடுமுன் கருத்துக் கேட்பது எதற்கு என்றால் இதற்குத்தான். எந்த விதி எங்கே இடிக்கும் என்பது டெல்லியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

2025 இல் தளர்த்திய விதிகளில் ஒன்று பிறந்த கதையைப் பாருங்கள். 200 கோடி வரை உலக டெண்டர் கிடையாது என்று 2020 மே 13 அன்று அறிவித்தார்கள். மே 15 அன்று பொது நிதி விதி 161 திருத்தப்பட்டுவிட்டது. நடுவில் ஒரே ஒரு நாள். உள்நாட்டுச் சிறுதொழிலைக் காப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் உள்நாட்டில் யாருமே செய்யாத நுண்ணோக்கி உதிரிபாகத்துக்கும் அதே பூட்டு விழும் என்பதை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த யாரும் அந்த வாரமே சொல்லியிருப்பார்கள். திறக்க ஐந்து ஆண்டு ஆனது.

நம் அரசுக்குக் கருத்துக் கேட்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2014 பிப்ரவரியில் வந்த சட்டத்துக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை, எந்த மசோதா வரைவையும் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்கச் சொல்கிறது; வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிடவும் சொல்கிறது. 2020 டிசம்பர் 31 அன்று வெளியான ஐந்தாவது தேசிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கக் கொள்கையின் வரைவுக்கு ஜனவரி 25 வரை கருத்துக் கேட்டார்கள். பிறகு 31 வரை நீட்டினார்கள். தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை போக எத்தனை நாள் மிஞ்சும் என்பது வேறு விஷயம். அந்த வரைவில் இருந்த ‘ஒரு நாடு, ஒரு சந்தா’ யோசனை, 2024 நவம்பரில் 6,000 கோடி ரூபாய்த் திட்டமாக அமைச்சரவையில் ஒப்புதல் பெற்றது. அரசு நிர்வகிக்கும் கல்லூரிகளில் இன்று ஆய்விதழ்களை இலவசமாகப் படிக்க முடிவது அதனால்தான். நீண்ட காலமாக ஆய்வாளர்கள் கேட்டது கிடைத்திருக்கிறது. இதை மறைப்பது நேர்மையல்ல. தென்புறநகரில் நிறைந்திருக்கும் சுயநிதி நிறுவனங்கள் முதல் கட்டத்தில் வெளியே நின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கருத்துக் கேட்பது பெரிய ஆவணத்துக்கு. ஆளை வாட்டுவது சின்ன விதி. மானியம் வாங்கிய பி.ஐ. (முதன்மை ஆய்வாளர்) ஒருவரின் மார்ச் மாத மேசைக்கு வாருங்கள். யூசி எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழ், படிவம் 12-ஏ. முன்னிருப்பு, வந்த மானியம், அதில் ஈட்டிய வட்டி, அரசுக்குத் திருப்பிக் கட்டிய வட்டி, செலவு, மீதி என்று கட்டங்கள். வட்டிக் கணக்கு சில ரூபாய் இடித்தால் படிவம் திரும்பி வரும், அடுத்த தவணை நிற்கும், அந்தத் தவணையை நம்பியிருக்கும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு நல்கை) மாணவரின் உதவித்தொகையும் நிற்கும். மத்தியத் திட்டப் பணத்தை எந்தக் கணக்கில், எப்படி வைக்க வேண்டும் என்று 2022 மார்ச்சில் செலவினத் துறை மாற்றியமைத்தது. திட்டத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு என்று திறந்துகொண்டே போனார்கள். இவையெல்லாம் அலுவலக உத்தரவுகள். முன்கூட்டியே வெளியிட்டாக வேண்டும் என்று சட்டம் சொல்லும் விதிகளுக்கு, 1897 ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம், பிரிவு 23 வழிமுறை வகுத்திருக்கிறது. மருந்துச் சோதனை விதிகள் அப்படித்தான் 2018 இல் வரைவாக வந்து, 2019 இல் அறிவிக்கையாயின. மானிய வழிகாட்டி நெறிகள் இந்த வலைக்குள் வருவதே இல்லை.

அமெரிக்காவிலும் சட்டப்படி அப்படித்தான். 1946 ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம், மானியம் தொடர்பான விதிகளுக்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்குத் தருகிறது. ஆனாலும் அங்குள்ள பட்ஜெட் அலுவலகம் மானிய விதிகளைத் திருத்த நினைத்தபோது 2023 அக்டோபரில் வரைவை வெளியிட்டது. 2024 ஏப்ரலில் வந்த இறுதி வடிவத்தில், வந்த கருத்துகளுக்குப் பதில் எழுதியிருந்தது. பேரம் பேசி விகிதம் பெறாத சிறு நிறுவனங்களுக்கான ஓவர்ஹெட் 10 விழுக்காட்டிலிருந்து 15 ஆனது அந்தத் திருத்தத்தில்தான். சட்டம் கட்டாயப்படுத்தாததைப் பழக்கம் செய்துவிட்டது. நம்மிடம் இல்லாதது அந்தப் பதில் எழுதும் பழக்கம்.

மாறாக, நம் ஊரில் விதி மாறுவது அடிபட்ட பிறகு. ஆராய்ச்சி மானியத்துக்கு ஜி.எஸ்.டி. கட்டவில்லை என்று டெல்லி ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு நோட்டீஸ் போனது, கூச்சல் எழுந்தது, 2024 செப்டம்பர் 9 அன்று கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் விலக்குத் தந்தது. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆனதும் ஆய்வு மாணவர்கள் தெருவில் நின்ற பிறகுதான். இதையும் பொதுமக்கள் கருத்து என்று சொல்லலாம். விலை கொஞ்சம் கூடுதல்.

2023 இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்த வேகமும் இதே கதைதான். ஆகஸ்ட் 4 அன்று மசோதா அறிமுகம், 7 அன்று மக்களவை, 9 அன்று மாநிலங்களவை. நிலைக்குழுவுக்குப் போகவில்லை. ஐந்தாண்டில் 50,000 கோடி, அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்று கணக்குச் சொன்ன அமைப்புக்கு ஆறு நாள். அப்போது அறிவியல் துறையினரே சொன்னார்கள்: இதற்கு முன்பு மானியம் தந்துவந்த அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின் பணத்தில் சுமார் 65 விழுக்காடு ஐ.ஐ.டி.களுக்கும் 11 விழுக்காடு மட்டும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் போகிறது. இதைச் சரிசெய்யவே புதிய அமைப்பு என்றார்கள். அந்த 11 விழுக்காட்டுக்காரரைக் கேட்டிருந்தால் அவருடைய சிக்கல் பணம் மட்டுமில்லை என்று சொல்லியிருப்பார். ப்ரப்போசல் எழுத உதவும் ஓர் அலுவலகம், யூசி போடத் தெரிந்த ஒரு கணக்கர் என்ற இரண்டும் பெரிய நிறுவனத்தில் உண்டு, அவரிடம் இல்லை.

ஆனால் ஆய்வாளர் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவதும் ஆபத்து. அவர் தன் வசதியைத்தான் கேட்பார். டெண்டர் விதி கடுமையானதற்கு ஊழலும் ஒரு காரணம். ஜெம்மில் பதிவு செய்த சிறுவணிகருக்கும் ஒரு பங்கு உண்டு. அதைவிட, கருத்துக் கேட்பில் வராதவர் யார் என்று பார்க்க வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் தேசியச் சித்த மருத்துவ நிறுவனத்தின் புறநோயாளிகள் பிரிவுக்கு வருபவர்கள் அதில் இல்லை. 2015 வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூர், வரதராஜபுரக் குடும்பங்கள் இல்லை. மானிய விண்ணப்பத்தில் ‘சமூகப் பயன்’ என்றொரு பகுதி இருக்கும். அதை ஆய்வாளரே எழுதி, இன்னோர் ஆய்வாளரே மதிப்பிடுவார். பிரிட்டனின் தேசிய நலவாழ்வு ஆராய்ச்சி அமைப்பு, எளிய மொழியில் ஒரு சுருக்கமும் நோயாளிகளை ஆய்வில் எப்படிச் சேர்த்தீர்கள் என்ற விவரமும் விண்ணப்பத்திலேயே கேட்கிறது. நம்மிடமோ, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் பெயர்க்கவே 2020 ஜூனில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மானிய வழிகாட்டி நெறிக்காக நீதிமன்றப் படியேற யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

புதிய அறக்கட்டளை நினைத்தால் இதைத் தொடங்க நாடாளுமன்றம் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். அடுத்த மானிய அழைப்பின் வழிகாட்டியை யூசி படிவம், பட்ஜெட் தலைப்புகள், தவணை விதிகளோடு 30 நாள் வரைவாக வைக்கலாம். எந்தக் கருத்தை ஏற்றோம், எதை ஏன் தள்ளினோம் என்று இரண்டு பக்கம் எழுதிப் போடலாம். கொள்முதல் தளர்வு மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கும் அந்த இரண்டு பக்கத்தில் இடமிருக்கும். குரோம்பேட்டையில் அதற்குத்தான் காத்திருப்பார்கள்.