அசல் முத்திரை: பெயர், தன்னிலை, சந்தை

இயக்கக்காரர்களுக்கு நன்றாகப் பழக்கமான சொல் 'முத்திரை குத்துவது'. திரிபுவாதி, குட்டி முதலாளித்துவவாதி, என்.ஜி.ஓ. ஆள் என்று மற்றவர்கள் நம்மீது குத்துவார்கள். நாமும் பதிலுக்குக் குத்துவோம். குத்துப்பட்டவர் அதை அழிக்கப் படாதபாடு படுவார். இன்று நிலைமை தலைகீழ். தன் நெற்றியில் தானே முத்திரை குத்திக்கொள்வது ஒரு திறமை. அதற்குப் பயிற்சி கொடுப்பது ஒரு தொழில். 1997இல் டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நிர்வாக ஆலோசகர் 'ஃபாஸ்ட் கம்பெனி' இதழில் எழுதிய கட்டுரை இதைப் பெயர் சூட்டிக் கடைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஆளும் ஒரு கம்பெனி. அதன் தலைமை அதிகாரியும் அவரே, சரக்கும் அவரே. நிரந்தர வேலை என்பதைக் கம்பெனிகள் கைகழுவிக்கொண்டிருந்த காலத்தில் வந்த உபதேசம் இது என்பது கவனிக்கத்தக்கது. பிராண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரில் இருப்பது தீ. மாட்டின் தொடையில் வைக்கிற சூடு. சூடு வைத்தவன் மாட்டுக்குச் சொந்தக்காரன். இங்கே கோலை மாட்டின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் கம்பெனிக்காரன் சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அந்த உபதேசத்தில் ஒரு திருத்தம் சேர்ந்திருக்கிறது: நடிக்காதே, அசலாக இரு, உண்மையான உன்னையே விற்பனைக்கு வை. இந்த 'அசல்' என்ற சொல் வழியாகத்தான் சந்தை இலக்கியத்துக்குள் நுழைகிறது. ஏனென்றால் சொல் நம்முடையது. அனுபவ நேர்மை, சத்தியம், ஆத்மசுத்தி என்று சிறுபத்திரிகைகள் பல பத்தாண்டுகளாகக் கும்பிட்ட சொற்களின் ஒன்றுவிட்ட தம்பி அது. அடோர்னோ 1964இலேயே ஜெர்மனியில் இந்தப் பேச்சை ஒரு குழூஉக்குறி என்று தாக்கினார். ஆழ்ந்து, உருகிப் பேசுகிற மொழி, யார் யாருக்குக் கூலி கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை எழவிடாமல் செய்கிறது.

சந்தையில் அசல் என்பதற்கு நடைமுறை அர்த்தம் என்ன? நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல். உன்னிடம் எதிர்பார்ப்பதைத் தவறாமல் கொடு. சோப்புக் கட்டியிடம் நாம் கேட்பது இதைத்தான். நேற்று வாங்கியது போலவே இன்றும் நுரைக்க வேண்டும்.

தமிழ் நவீனத்துவம் பெயரை இப்படி நடத்தவில்லை. சொ. விருத்தாசலம் கதைக்குப் புதுமைப்பித்தன், செய்யுளுக்கு வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை, சண்டைக்கு ரசமட்டம். க.நா.சு. கவிதையில் மயன். சுந்தர ராமசாமி கவிதையில் பசுவய்யா. திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்த டி.கே. துரைசாமி, நகுலன். ஒரே ஆள் பல தன்னிலைகளில் உலவ இடம் இருந்தது. ஆனால் அந்த இடம் எல்லோருக்கும் கிடைத்ததா? 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. பட்டம் போயிற்று, விசாரணை போகவில்லை. "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று சுற்றிவளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் இங்கே பல பேருக்குப் பிரதியே வாசிக்க வருகிறது. முகமூடி போட்டுக்கொள்வது சிலருக்கு விளையாட்டு. வேறு சிலர் முகமூடி போட்டால் மோசடி என்கிறார்கள்.

1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' எப்படி வாசிக்கப்பட்டது என்பதைப் பார்க்கலாம். கதைசொல்லலையே முழுக்கப் பேச்சுமொழியில் நடத்தி, எழுத்துத் தமிழ் என்ற கோட்டையின் மதிலைப் பெயர்த்த பிரதி அது. காலவரிசையைக் கலைத்துப் போட்டு, சொன்ன இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு தடவையும் வேறொன்றைச் சொல்கிற கட்டமைப்பு. அதைப் பேசியவர்கள் குறைவு. வாக்குமூலம், சாட்சியம், வலி, இரத்தமும் சதையும் என்றே பேசினோம். லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் மொழிபெயர்ப்பில் 2000இல் ஆங்கிலத்துக்குப் போய், கிராஸ்வேர்ட் பரிசு வாங்கி, பல்கலைக்கழக வகுப்பறைகளுக்குள் நுழைந்தபோதும் இந்த வாசிப்பே கூடப் போனது. உயர்சாதி எழுத்தாளன் எழுதினால் கலை, தலித் பெண் எழுதினால் ஆவணம். அசல் என்ற பாராட்டுக்குள் இந்தப் பாகுபாடு பத்திரமாக இருக்கிறது.

இங்கே ஒரு எதிர்ப்பு வரும், வர வேண்டும். எங்கள் அனுபவத்தை நாங்கள்தான் எழுதுவோம் என்று கேட்டது தலித் இயக்கம் அல்லவா? ஆமாம். அந்தக் கோரிக்கை, பேசும் உரிமை யாருக்கு என்பது பற்றியது. பிறர் பெயரில் பேசியே பழகியவர்களின் வாயை அது மூடச் சொன்னது. சந்தையும் நம் மேடைகளும் கேட்கிற அசல் வேறு. பேசுகிறவர் எதைப் பேசலாம் என்பதற்கு அது எல்லை போடுகிறது. காயத்தைக் காட்டினால் கைதட்டு. நாவலின் வடிவம் பற்றியோ சங்கப் பாடல் பற்றியோ பேசினால் "அது இருக்கட்டும், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று ஒலிபெருக்கி திரும்புகிறது. இதைச் செய்பவர்கள் எதிரிகள் அல்ல. நம் தோழர்கள்தான், நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள்.

பெயர் என்பது சொத்து என்கிறார் பீட்டர்ஸ். பிரதிக்கு ஆசிரியன் என்றொருவன் தேவைப்பட்டதே தண்டிப்பதற்காகத்தான் என்று ஃபூக்கோ 1969 சொற்பொழிவில் சொன்னது நம் ஊருக்கு இன்னும் பொருத்தம். 'மாதொருபாகன்' 2010இல் வந்த நாவல். 2014 கடைசியில் அதற்கு எதிராகக் கிளம்பிய போராட்டமும், நாமக்கல்லில் அரசு அதிகாரிகள் நடத்திய 'சமரச'ப் பேச்சும் 2015 ஜனவரியில் எங்கே கொண்டுவிட்டன? எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான், இனி ஆசிரியர் பெ. முருகன் மட்டுமே என்ற அறிவிப்பில். பெயரைப் பிடித்து அடிக்க வருகிறார்கள், ஆள் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு நகர்கிறார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளன் உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்றது. அதற்குள் உலகச் சந்தையில் 'வேட்டையாடப்பட்ட எழுத்தாளர்' என்ற முத்திரை தயார். கருத்துரிமைத் தியாகி என்று நம் பக்கத்திலும் ஒரு மாலை. அவர் திரும்பி வந்து வெளியிட்ட கவிதைத் தொகுப்புக்கு வைத்த தலைப்பு 'கோழையின் பாடல்கள்'. எந்த ஆலோசகரும் இந்தத் தலைப்பை ஒத்துக்கொள்ள மாட்டார். இதை வெறும் அடக்கம் என்று வாசிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீரன் என்ற விலைச்சீட்டைக் கிழித்துப்போடும் அரசியல் செயல் அது.

பாமாவும் இதைத் தன் வழியில் செய்தவர்தான். 1996இல் வந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பின் பெயர் 'கிசும்புக்காரன்'. ஆண்டைகளைக் கேலி செய்கிற, வம்புக்கு இழுக்கிற, சிரித்துக்கொண்டே மட்டந்தட்டுகிற கதைகள். 'கருக்கு' பற்றிப் படித்த கட்டுரைகளில் நான்கில் ஒன்றாவது 'கிசும்புக்காரன்' பற்றிப் படித்திருக்கிறோமா? சாட்சி சொல்ல வந்தவள் சிரித்தால் நீதிபதிகளுக்குப் பிடிப்பதில்லை.