மதிப்பீட்டாளரும் மறுப்பின் காரணமும்

நூலொன்றைக் கற்றோர் அவையில் வைத்துத் தடைவிடைகளுக்கு உட்படுத்திய பின்னரே உலகிற்கு வழங்குவது நம் பழைய மரபு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறிற்று என அதன் பாயிரம் கூறும். இன்றைய ஆய்வுச் சஞ்சிகைகளில் அவ்வவையின் இடத்தைப் பெற்றிருப்பது ஒத்த துறையறிஞரின் மதிப்பீடு. கட்டுரை வந்ததும் பதிப்பாசிரியர் அதனைத் துறை வல்லார் இருவர் அல்லது மூவருக்கு அனுப்புகிறார். ஏற்கலாம், திருத்தலாம், தள்ளலாம் என அவர்கள் எழுதுகின்றனர். முடிவு பதிப்பாசிரியருடையது. ஆயின், அதங்கோட்டாசானை அவை அறிந்திருந்தது; இம்மதிப்பீட்டாளரையோ பெரும்பாலும் எழுதியவர் அறியார். விஞ்ஞானச் சஞ்சிகைகள் பலவற்றில் எழுதியவரின் பெயர் மட்டும் மதிப்பீட்டாளருக்குத் தெரியும்.

இம்முறையின் வலிமையையும் நலிவையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. தமிழ்க் குடும்பத்திற் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1952 முதல் 1971 வரை அமெரிக்காவின் வானியற்பியற் சஞ்சிகைக்குப் பதிப்பாசிரியராக இருந்தார். சூரியனிலிருந்து மின்னேற்றத் துகள்கள் ஓயாது பெருவேகத்துடன் வீசுகின்றன என்னும் கட்டுரையை யூஜின் பார்க்கர் என்ற இளம் ஆய்வாளர் அவருக்கு அனுப்பினார். மதிப்பீட்டாளர் இருவரும் அதனைத் தள்ளினர். சந்திரசேகருக்கும் அக்கருத்து உவப்பானதன்று. ஆயினும் கணிதத்தில் ஒரு பிழையேனும் சுட்டப்படாமையைக் கண்ட அவர், 1958இல் அதனை வெளியிட்டார். 1962இல் வெள்ளியை நோக்கிச் சென்ற மரினர் 2 விண்கலம் சூரியக் காற்றை ஐயமற உறுதிப்படுத்திற்று.

இதனைத் தனியொருவரின் பெருந்தன்மையாக மட்டும் கொள்ளுதல் போதாது. 1935இல் இலண்டன் அரச வானியற் கழகத்தில், 24 வயதினரான சந்திரசேகரின் வெண்குறு விண்மீன் ஆய்வை எடிங்டன் எள்ளி நகையாடினார். எடிங்டனின் புகழுக்கு முன் பலர் வாய் திறந்திலர். பெயரின் கனத்தால் அன்று தாக்குண்டவர், தம் கையில் அதிகாரம் வந்தபோது பெயரைக் கேளாது காரணத்தைக் கேட்டார். அங்ஙனம் கேளாத பதிப்பாசிரியர் ஒருவரிடம் பார்க்கரின் கட்டுரை சென்றிருந்தால் என்னாகியிருக்கும்?

பெயர் மறைப்பு முற்றிலும் தீதன்று. மூத்தோரின் கட்டுரையைக் குறைகூறும் இளைஞருக்கு அது கேடயம். காரணங் கூறாது தள்ளுவோர்க்கும் அதுவே திரையாகின்றது என்பதே நம் குறை. மதிப்பீட்டறிக்கைகளைக் கட்டுரையுடன் சேர்த்தே வெளியிடும் சஞ்சிகைகள் சில இன்று உள்ளன. பெயர் மறைந்திருப்பினும் காரணம் வெளிப்படுதலால் இவ்வழி வரவேற்கத்தக்கது.

இன்னுமொரு கேள்வி உண்டு. இவ்வுழைப்பின் பயன் யாருக்கு? மதிப்பீட்டாளர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கின்றனர், எழுதுவோருக்கும் ஊதியமில்லை. பல்கலைக்கழகங்கள் பொதுமக்கள் பணத்தில் அவர்களைப் பேணுகின்றன. எல்செவியர் போன்ற பெருநிறுவனங்களோ அவ்வுழைப்பின் விளைவை அதே பல்கலைக்கழகங்களின் நூலகங்களுக்கு விற்று, நூற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட இலாபம் காண்கின்றன. கொட்டாஞ்சேனையில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் அத்தகைய கட்டுரையொன்றைப் படிக்க விரும்பின் டொலரிற் கட்டணம் செலுத்த வேண்டும்.

ஆசிரியர்களாகிய நாமும் நாள்தோறும் மதிப்பிடுவோரே. மாணவனின் விடைத்தாளில் வெறும் பிழைக்குறி இட்டு அனுப்பாது, பிழை எதுவென ஒரு வரி எழுதுவோமாக. காரணங் கேட்கப் பழகிய மாணவனே நாளை காரணங் கூறும் மதிப்பீட்டாளனாவான்.