உடலளவும் புல்வளமும்: சப்ரகமுவத் தோட்டங்களில் மாட்டினத் தெரிவு

இலங்கையில் இறைச்சிக்கென்றே தனி மந்தை வளர்க்கும் வழக்கம் வேரூன்றவில்லை. சந்தைக்கு வரும் மாட்டிறைச்சியின் பெரும்பகுதி கறவை ஓய்ந்த மாடுகளிலிருந்தும் பால் வளர்ப்புக்கு வேண்டாத காளைகளிலிருந்துமே கிடைக்கிறது. ஆகவே சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தையொட்டி ஒன்றிரண்டு மாடுகளைக் கட்டி வளர்க்கும் குடும்பம், எந்த இனத்தை எவ்வளவு பெரிய உடற்சட்டகத்தோடு, அதாவது எவ்வளவு இடுப்புயரமும் எலும்பமைப்பும் உடையதாகத் தெரிவுசெய்கிறது என்பது, பாலுக்கும் இறைச்சிக்கும் சேர்ந்த முடிவாகிவிடுகிறது. பல பத்தாண்டுகளாக இத்தெரிவை வழிநடத்துவது, நாட்டுப் பசுக்களை ஜெர்சி, பிரீசியன் போன்ற ஐரோப்பிய இனங்களின் விந்தைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தரமுயர்த்தும் செயற்கைச் சினைப்படுத்தல் முறையாகும். இம்முறை தந்த நன்மைகள் உண்மையானவை. ஆனால் அது மாட்டின் தரத்தை அளக்கும் ஒருநாட் கறவை என்ற அளவுகோல் இத்தோட்டங்களின் வெப்பத்துக்கும் புல்வளத்துக்கும் பொருந்தவில்லை.

நன்மைகளை முதலில் எடைபோட வேண்டும். இலங்கையின் நாட்டுப் பசு பெரும்பாலும் 200 கிலோகிராமுக்கு உட்பட்ட சிறிய உடலும் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றர் பாலும் உடையது. ஜெர்சிக் கலப்புப் பசு அதைப் போலப் பன்மடங்கு கறக்கிறது. நாட்கூலியை மட்டும் நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இந்தப் பாற்பணம் தோட்ட நிருவாகத்தின் கையில் இல்லாத தனி வருவாயாகவும், சாணம் மரக்கறித் தோட்டத்துக்கு உரமாகவும் அமைகிறது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் குண்டசாலையில் இயங்கும் மத்திய நிலையத்திலிருந்து விந்து வருவதால், பொலிகாளையைத் தீனி போட்டு வளர்க்கும் செலவும், இணைசேர்தல் வழியே பரவும் நோய்களும் தவிர்க்கப்படுகின்றன. இடவசதியற்ற லயத்துக்கு இது சிறிய உதவியன்று.

குறை, உடலளவு பற்றிய கணக்கில் தொடங்குகிறது. கறவைப் பசு ஒன்று நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழ 3 வீதம் உலர்பொருளை, அதாவது நீர் நீங்கலான தீவனத்தை, உண்ணும். பசும்புல்லில் ஐந்திலொரு பங்கே உலர்பொருள் எனக் கொண்டால், 550 கிலோகிராம் எடையுள்ள பிரீசியன் பசுவுக்குப் புல் மட்டுமே தீனியாயின் 80 கிலோகிராமுக்கு மேலும், 350 கிலோகிராம் எடையுள்ள கலப்புப் பசுவுக்கு 50 கிலோகிராமுக்குச் சற்று மேலும் தேவை. தேயிலை மலைகளில் மேயவிட இயலாததால், கொழுந்து பறித்து முடித்த பெண்ணே இப்புல்லை அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருகிறாள். எனவே பெரிய உடலின் விலை முதலில் அவளுடைய உழைப்பிலேயே அறவிடப்படுகிறது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3 புல் இலங்கையிலும் பரவியுள்ளது. ஆயினும் வீட்டுத் திட்டங்களில் பல குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட 7 பேர்ச் காணி சுமார் 177 சதுர மீற்றர் மட்டுமே. வீட்டையே மறந்து முழுக்காணியிலும் அப்புல்லை நட்டு, ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 200 தொன் எனத் தாராளமாகக் கணக்கிட்டாலும், நாளுக்கு 10 கிலோகிராம் அளவுக்கே தேறும்.

இதனோடு வெப்பமும் சேர்கிறது. உடல் பெருக்கப் பெருக்க, எடையோடு ஒப்பிடத் தோலின் பரப்புக் குறைவதால் வெப்பத்தை வெளியேற்றுவது கடினமாகிறது. 25 பாகை செல்சியசுக்கு மேல் தளரத் தொடங்கும் பிரீசியன், இரத்தினபுரியின் தாழ்நிலத்துப் புழுக்கத்தில் தீனியைக் குறைத்து, பாலைக் குறைத்து, சினைபிடிக்கவும் தாமதிக்கிறது. ஈரத்தரை குளம்பைப் புண்ணாக்க, உண்ணிக் காய்ச்சலும் தொற்றுகிறது. 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஏறத்தாழ 5,000 கறவைப் பசுக்களை வருவித்துப் பண்ணையாளருக்கு வழங்கிய அரச திட்டம், இறப்புகளாலும் நோயாலும் கடுங்கண்டனத்துக்குள்ளானதும் இக்காரணங்களோடு தொடர்புடையதே.

இரண்டாவது குறை, கலப்பின் அளவு முறையாக எழுதிவைக்கப்படாமை. இரு வேறு இனங்களின் முதற்கலப்பில் தோன்றும் கூடுதல் வலிமையைக் கலப்பு வீரியம் என்பர்; அடுத்தடுத்து ஐரோப்பிய விந்தையே செலுத்தும்போது அவ்வீரியம் தேய்ந்து, தூய இனத்தின் மென்மை மிகுகிறது. தாயின் பிறப்பு விவரம் அறியாமலே ஊசி போடப்படுவதால், பாட்டிக்குப் பொருந்திய இனம் பேத்திக்குப் பொருந்தாமற் போவது கன்று பிறந்து ஆண்டுகள் கழிந்தே தெரியவருகிறது. சிறிய இடுப்புடைய கிடாரிக்குப் பிரீசியன் விந்து செலுத்தப்பட்டால் கன்று பெரிதாகி ஈனுதல் சிக்கலாகும்; தலையீற்றுக்கு ஜெர்சியே பாதுகாப்பானது. அதேவேளை ஜெர்சியின் காளைக்கன்று தசைப்பிடிப்புக் குறைந்தது என்பதால் வியாபாரி குறைந்த விலையே தருகிறார். பாலூட்டுவது நட்டமென்று அக்கன்று அரைப்பட்டினியில் விடப்படுவதும் உண்டு. வெப்ப நாட்டு இனமான சாகிவாலின் கலப்பில் பிறந்த காளைக்கன்றோ வெப்பந்தாங்கி வளர்ந்து, அக்குடும்பத்துக்கு ஓரளவு கைமுதலாகிறது.

இக்குறைகளைக் கண்டு, நாட்டு மாட்டுக்கே திரும்ப வேண்டும் என்போர் உளர். நோய்தாங்கும் ஆற்றலுக்காக நாட்டினம் பேணப்பட வேண்டியதே. ஆனால் அது மேய்ந்து பிழைக்கும் நிலத்துக்கு உரியது. புல்லறுத்துப் போட்டு வளர்க்கும் முறையில் ஒன்றிரண்டு லீற்றர் பால் அந்த உழைப்புக்கு ஈடாகாது. கேரளத்தின் அனுபவம் இரு பக்கத்தையும் காட்டுகிறது. அங்கு 1963இல் சுவிஸ் உதவியுடன் மாட்டுப்பட்டியில் தொடங்கிய திட்டம் உள்ளூர்ப் பசுக்களோடு பிரவுண் சுவிஸ் இனத்தைக் கலந்து ‘சுனந்தினி’யை உருவாக்கியது, அதே கொள்கை நாட்டுப் பொலிகாளைகளை ஒதுக்கியதால், குட்டை இனமான வெச்சூர் அழிவின் விளிம்புக்குச் சென்று பின்னரே மீட்கப்பட்டது. அமெரிக்க இறைச்சி மந்தைகளும் குட்டை உடலிலிருந்து 1980களில் மிகப்பெரிய உடலுக்குத் தாவி, தீனிச்செலவு உணர்த்திய பாடத்தால் மிதமான அளவுக்குத் திரும்பின.

ஆகவே சப்ரகமுவவுக்கு ஒரே விடை இல்லை. இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளின் குளிர்ந்த உயரங்களில் ஜெர்சிக் கலப்பு கூடுதலாக இருக்கலாம். தெரணியகலை, எட்டியாந்தோட்டைத் தாழ்நில இறப்பர்த் தோட்டங்களில் ஜெர்சியும் சாகிவாலும் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்த, 300 முதல் 400 கிலோகிராம் வரையிலான நடுத்தர உடலே தகும். அத்தெரிவு நிலைக்க இரண்டு தேவைகள் உள்ளன: ஒவ்வொரு பசுவின் கலப்பு விகிதத்தையும் காட்டும் அட்டை மிருக வைத்திய அலுவலகத்தில் மட்டுமன்றி வளர்ப்பவர் கையிலும் இருக்க வேண்டும், பயிரிடாது கிடக்கும் தோட்ட நிலத்தில் புல் வளர்க்கும் உரிமை தொழிலாளர் குடும்பங்களுக்கு எழுத்தில் வழங்கப்பட வேண்டும். பசுவின் தகுதியை ஒருநாட் கறவையால் அளப்பதை விட்டு, சுமந்த புல்லுக்கும் வாழ்ந்த ஆண்டுகளுக்கும் ஈன்ற கன்றுகளுக்கும் கிடைத்த பயனால் அளக்கத் தொடங்கினால், மாடு வளர்ப்பு அக்குடும்பங்களுக்கு உழைப்புக்கேற்ற ஊதியம் தரும் தொழிலாகும்.